எந்த வரியில் சிரித்தார்கள்? பரமார்த்த குருவோடு ஒரு மூன்றாம் வகுப்பு

சிரிப்புக் கதை வாசித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், இதைச் சொல்ல நிகழ்வு ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. யார் சிரித்தார்கள், எந்த வரியில் சிரித்தார்கள், யார் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தார்கள் என்று கவனித்தால், வாசித்ததில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது ஒரு கேள்வித்தாளும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது. அப்படிக் கவனித்த ஒரு பருவத்தின் குறிப்பு இது.

பள்ளி அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டும் மூன்றும் ஒரே அறையில் உட்காரும், இரண்டுக்கும் நான்தான். 2022இல் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. பெயர்கள் அழகாக இருந்தாலும் தான் எந்த நிலை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அரும்பில் இருப்பது எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளை, மலரில் இருப்பது கடகடவென்று வாசிக்கும் பிள்ளை. கடகடவென்று வாசிக்கும் பிள்ளைக்குப் பொருளும் புரிந்துவிடுகிறது என்று நாம் எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பரமார்த்த குரு கதைப் புத்தகம் அந்தக் கணக்கைத்தான் முதலில் உடைத்தது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வரும் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் வகுப்பில் இருந்தன. நல்ல புத்தகங்கள், சிறியவை, ஓர் உட்காரலில் முடிந்துவிடுபவை. நான் தேடியது அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் ஒன்று. காரணம் எளிது. ஒவ்வொரு நாளும் புதுக் கதை என்றால் ஒவ்வொரு நாளும் புது ஆட்கள், புது ஊர், புதுச் சொற்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் சக்தியெல்லாம் அதற்கே போய்விடும். அதே ஆட்கள் மறுநாளும் வந்தால் குரு, சீடன், குதிரை, ஆறு என்ற சொற்கள் பழகிவிடும், இவன் இப்படித்தான் செய்வான் என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடும். அந்த எதிர்பார்ப்பு இருக்கிற பிள்ளை அடுத்த வரியை ஊகித்துக்கொண்டே வாசிக்கும்.

பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் இதற்குப் பொருந்திப் போனார்கள். இந்தக் கதைகளை எழுதிய இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி எங்கள் பக்கம்தான், ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த மாதா கோயிலுக்குப் போய் வந்தவர்கள், அதுவும் ஒரு வசதி. ஆனால் நான் இதை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதை பிறந்ததே தமிழ் கற்பவர்களுக்காக. 1822இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் லண்டனில் அச்சிட்டபோது ஆங்கில மொழிபெயர்ப்போடு சொல் அகராதியும் முதல் கதைக்குத் தனியாக ஒரு விளக்கப் பகுப்பும் சேர்த்துத்தான் போட்டார். ஐரோப்பியர் தமிழ் பழகிய வாசிப்புப் பாடத்தைக் கொள்ளிடக் கரைப் பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

மூலத்தை அப்படியே கொடுக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடை, ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும். கடையில் கிடைக்கும் சிறுவர் பதிப்புகளோ ஒன்று அவசரமாகச் சுருக்கியிருக்கின்றன, அல்லது ஒவ்வொரு கதைக்குக் கீழும் ஒரு நீதியை ஒட்டியிருக்கின்றன. அதனால் நானே சின்ன வாக்கியங்களில் திருப்பி எழுதி, ஒரு பிரதியைச் சார்ட்டில் பெரிய எழுத்தில் போட்டு, மீதியை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் நான் உரக்க வாசிப்பேன், யார் கையிலும் தாள் இருக்காது. மறுநாள் அதே பகுதியை இருவர் இருவராக வாசிப்பார்கள், ஒரு மலரும் ஓர் அரும்பும் சேர்ந்து. கதை முன்பே தெரியும் என்பதால் அரும்புப் பிள்ளைக்குப் பயம் பாதி குறைந்துவிடும். நடுவில் நிறுத்துவதில் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வேண்டும், கொள்ளிக்கட்டை தண்ணீரைத் தொடப் போகிற இடத்தில் மணி அடித்தால் உத்தமம்.

ஆறு தூங்குகிறதா

முதல் அத்தியாயம் தெரிந்ததுதான். ஆறு தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்று குரு சொல்ல, ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான், சுர்ரென்று சத்தமும் புகையும் வர, ஆறு விழித்திருக்கிறது என்று அலறி ஓடுகிறான். பிறகு அதே அணைந்த கட்டையைக் கொண்டுபோய் இன்னொருவன் வைக்கிறான், சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டது. நடுவில் கழுதை மேல் உப்பு மூட்டை ஏற்றிப் போன கிளைக்கதை வரும், அதை வெட்டிவிட்டேன். இரண்டாம் வகுப்புக்குக் கதைக்குள் கதை இன்னும் சேரவில்லை.

இரண்டாவது முறை சத்தம் ஏன் வரவில்லை என்பதுதான் இந்த நகைச்சுவையின் முடிச்சு. நான் வாசித்தபோது முதல் சுர்ருக்கு எல்லோரும் சிரித்தார்கள், அது சத்தத்துக்கு வந்த சிரிப்பு. இரண்டாவது இடத்தில் நாலைந்து பேர்தான் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, “கட்டைல நெருப்பே இல்லையே டீச்சர், எப்புடி சுர்ருங்கும்?” என்றாள். மற்றவர்கள் அவளையே பார்த்தார்கள். விளக்கிச் சொல்லிவிடலாம், ஆனால் விளக்கிய நகைச்சுவை செத்த நகைச்சுவை. சத்துணவுக் கூடத்தில் கேஸ் அடுப்பு என்பதால் சமையல் அக்காவிடம் சொல்லி வைத்தேன். மறுநாள் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையைக் கொண்டு வந்தார், வாளித் தண்ணீரில் ஒரு முறை வைத்தார், சுர். அதே கட்டையை மறுபடியும் வைத்தார். ஒன்றுமில்லை. அப்போது வந்த சிரிப்பு முதல் நாள் சிரிப்பு மாதிரி இல்லை, கொஞ்சம் தாமதமாக, ஒவ்வொருவராக, ஆனால் நிஜமாக வந்தது. கதையை மறுபடியும் வாசிக்கச் சொல்லிப் பிள்ளைகளே கேட்டார்கள்.

அடுத்து எண்ணும் இடம். கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான், தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஐந்து பேர்தான். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று ஆறு பேரும் அழுகிறார்கள். ஆறு பிள்ளைகளை முன்னால் நிற்க வைத்தேன். எண்ணும் வேடம் போட்டவன் விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று போய் ஐந்தில் நின்றான். நின்றதும் அவனுக்கே குழப்பமாகிவிட்டது, நடிப்பதை மறந்துவிட்டு மறுபடி எண்ணினான்!

அப்போது முதலில் சிரித்தது ஓர் அரும்புப் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள், தாளைக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறவள். “அவன அவன் எண்ணல டீச்சர்” என்றாள், கத்தியே சொன்னாள். அதே நேரம் மலரில் இருக்கிற, அந்தப் பத்தியைச் சற்று முன் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்துக் காட்டிய பையன், எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்பீட்டுத் தாளில் இந்த இருவருக்கும் நடுவே இரண்டு நிலை இடைவெளி. அந்த இடத்தில் நின்று பார்த்தால் இடைவெளி இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக இருந்தது. அவனுக்கு எழுத்து வந்துவிட்டது, வரிக்குப் பின்னால் இருக்கிறதைத் தேடும் பழக்கம் வரவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் வந்து ரொம்ப நாளாகியிருக்கும், எழுத்துதான் வழிமறிக்கிறது. இருவருக்கும் ஒரே வாசிப்புப் பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி உருப்படும்?

கதையில் வழிப்போக்கன் ஒருவன் வந்து ஆளுக்கு ஓர் அடி போட்டு, அடி வாங்கியவன் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஆறு பேரையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறான். கணக்குப் பாடத்தில் ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எண்ணுதல் என்று நாம் சொல்வது இதுதான். ஒன்றைத் தொட்டால் ஓர் எண், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு முறை தொடக்கூடாது. வகுப்பில் அடிக்குப் பதில் கையில் ஒரு தட்டு (பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வழிப்போக்கனுக்கும் பொருந்தும்). இரண்டாம் வகுப்பு இதை விடாமல் விளையாடியது. மணி எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டால் “நீ சீடன்” என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

சிரிக்காத இடங்கள்

குதிரை முட்டை அத்தியாயம் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று ஒருவன் விற்கிறான், சீடர்கள் சுமந்து வருகிறார்கள், காய் விழுந்து உடைகிறது, புதரிலிருந்து முயல் ஒன்று ஓடுகிறது, குதிரைக் குட்டி பொரித்து ஓடிவிட்டது என்று துரத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பு சிரித்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் முகத்தில் அசைவே இல்லை. வகுப்பு அடங்கியதும் கேட்டான்: “குதிர முட்ட போடாதா டீச்சர்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. அவன் குதிரையை நேரில் பார்த்ததே இல்லை. கோழி முட்டை போடுகிறது, ஆடு குட்டி போடுகிறது, இரண்டும் வீட்டில் இருக்கிறது, குதிரை எந்தப் பக்கம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நகைச்சுவை என்பது கேட்பவனுக்கு ஏற்கெனவே ஒன்று தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த ஒன்று இல்லாத பிள்ளைக்கு இது வெறும் செய்தி, சீடர்களைப் போலவே அதை நம்பிவிடுவான். அன்று சூழ்நிலையியல் பாடத்தையும் இதிலேயே சேர்த்துக்கொண்டோம். முட்டையிடுவது ஒரு பக்கம், குட்டி போடுவது மறுபக்கம். காக்கை, பல்லி, மாடு, பாம்பு எல்லாம் சண்டையில்லாமல் போய் உட்கார்ந்தன. வௌவாலில் வந்து நின்றது. பறக்கிறது, அதனால் முட்டைதான் என்று ஒரு கட்சி, அதுக்குக் காது இருக்கு டீச்சர் என்று இன்னொரு கட்சி. வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று சொன்னபோது பறக்கும் கட்சி நம்பவே இல்லை, என்னையும் பூசணிக்காய் விற்பவனாகத்தான் பார்த்தார்கள். சில நாள் கழித்து மறுபடியும் அந்த அத்தியாயத்தை எடுத்தபோது அந்தப் பையன் பூசணிக்காய் என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டான்.

குளத்தில் தூண்டில் போட்டுக் குதிரை பிடிக்கும் அத்தியாயத்துக்கு இந்தச் சிரமமே இல்லை. ஐயனார் கோயில் மண்குதிரையின் நிழல் தண்ணீரில் தெரிகிறது, அதை நிஜக் குதிரை என்று நினைத்து அரிவாளைத் தூண்டில் முள்ளாக்கி, சோற்றை இரையாக வைத்து, தலைப்பாகைத் துணியைக் கயிறாக விடுகிறார்கள். எங்கள் ஊர் எல்லையிலேயே மண்குதிரை நிற்கிறது. ஒரு சொல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாடகை மாட்டுக் கதையில் சிரிப்பைவிட வழக்குதான் நடந்தது. வாடகைக்குப் பிடித்த மாட்டின் நிழலில் குரு வெயிலுக்கு ஒதுங்குகிறார், மாட்டுக்காரன் நிழலுக்கும் தனியாகக் கூலி கேட்கிறான். கேட்கலாமா கூடாதா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். கூடாது என்று பெரும்பாலோர். ஒரு பையனின் அப்பா டிராக்டர் வாடகைக்கு ஓட்டுபவர், அவன் மட்டும் மாட்டுக்காரன் பக்கம் எழுந்து நின்று, “நின்னா நேரம் போவுதுல்ல, வெயிட்டிங் சார்ஜ் உண்டு” என்றான். அந்த வாதத்துக்கு வகுப்பில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் பெரிதாக இல்லை.

பெயர்கள்

இனி தொல்லையான பகுதி. சீடர்களின் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன். பெரியவர்களுக்கு இது வேடிக்கை. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஐந்து வசவுச் சொற்களைப் பாடமாகக் கொடுத்தால் இடைவேளையில் அது யார் தலையில் விழும் என்று ஊகிக்க ஆசிரியப் பயிற்சி தேவையில்லை, மெதுவாக வாசிக்கும் பிள்ளை தலையில்தான். மிலேச்சன் என்ற பெயரை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டேன், வேற்றினத்தாரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு வகுப்பில் வேலையில்லை. மீதி நான்கை எடுக்க எனக்கு மனமில்லை, ஆனால் வைத்திருக்கவும் முடியாது.

தடை போட்டால் அந்தச் சொல்லுக்கு மவுசு கூடும். அதனால் முதல் அத்தியாயம் முடிந்ததும், இவர்களுக்கு நீங்களே பெயர் வையுங்கள், ஆனால் அவன் என்ன செய்கிறானோ அதை வைத்துப் பெயர் வர வேண்டும் என்றேன். நல்ல சண்டைக்குப் பிறகு வந்த பெயர்கள்: அவசரம், ஆமாஞ்சாமி, பயந்தாங்கொள்ளி, சந்தேகம், தூங்குமூஞ்சி. இது வசவைக் குறைத்தது என்பதைவிட வாசிப்புக்கு உதவியது என்றே சொல்வேன். மூலத்தில் ஐந்து சீடர்களும் கிட்டத்தட்ட ஒரே ஆள்தான், யார் கொள்ளிக்கட்டை கொண்டுபோனால் என்ன என்று இருக்கும். இப்போது கொள்ளிக்கட்டையோடு போவது அவசரம், திரும்பி ஓடி வருவது பயந்தாங்கொள்ளி என்று பிள்ளைகள் பங்கு பிரித்துவிட்டார்கள், நான் தாளில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இடைவேளையில் “போடா ஆமாஞ்சாமி” கேட்டது. அதை நான் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கதையைப் பற்றிப் பெரியவர்கள் மத்தியில் வேறொரு விவாதமும் உண்டு. ஒரு கிறித்தவப் பாதிரியார் இங்குள்ள மடங்களையும் குருமார்களையும் கிண்டல் செய்வதற்காக எழுதியது என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை மூன்றாம் வகுப்பில் தீர்க்க முடியாது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டும் அத்தியாயத்தில் விழப்போகிறாய் என்று எச்சரிப்பவர் மூலத்தில் ஒரு பிராமணர், எங்கள் தாளில் அவர் வழியில் போகிற ஒரு பாட்டி. கதைக்கு ஒன்றும் குறையவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எனக்கு வந்த கேள்வி இதைப் பற்றியதே அல்ல. “இதெல்லாம் பரீட்சைக்கு வருமா டீச்சர்?” என்று ஓர் அம்மா கேட்டார். கதை வராது, ஆனால் பாராவைப் படித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் எழுதுவது வரும், அதற்குத்தான் இது என்றேன். சரி என்றார், பாதி நம்பிக்கையோடு.

பட்டியல்

முழுப் புத்தகத்திலும் ஒரே ஓர் அத்தியாயம்தான் வகுப்பில் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் பட்டியல் அத்தியாயத்தை எடுங்கள். கிழட்டு நொண்டிக் குதிரை ஒன்று ஓசியில் கிடைத்துவிட்டது, குரு அதில் போகிறார். தலைப்பாகை விழுகிறது, எடுக்கச் சொல்லவில்லையே என்று யாரும் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று திட்டுகிறார். அடுத்து குதிரைச் சாணம் விழுகிறது, அதையும் பயபக்தியோடு எடுத்து வருகிறார்கள். கடைசியில் குரு எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். பிறகு அவரே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்த்து வேட்டியை எடுக்கிறார்கள், துணியை எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், குரு மட்டும் குழியில் கிடக்கிறார். குருவை எடுக்க வேண்டும் என்று ஓலையில் இல்லையே! கடைசியில் குழிக்குள்ளிருந்தே அதையும் எழுதிக் கொடுத்துத்தான் மேலே வருகிறார்.

இங்கே எல்லோரும் சிரித்தார்கள், ஒரே வரியில் சிரித்தார்கள், அந்த மலர்ப் பையனும் சேர்ந்து. எழுதப் பழகுகிற வயதுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது, ஏனென்றால் எழுதியதற்கும் சொல்ல நினைத்ததற்கும் நடுவே இருக்கிற பள்ளம்தான் அந்தக் குழி. மறுநாள், குரு ஏமாறாமல் இருக்க நீங்கள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள் என்றேன். வழக்கமாக மூன்று வரி எழுதச் சொன்னால் பென்சில் சீவப் போகிறவர்கள் தாள் போதவில்லை என்று வந்தார்கள். ஒருவன் வேட்டி, தலைப்பாகை, செருப்பு, கண்ணாடி என்று ஆரம்பித்து, பல் என்று முடித்திருந்தான். அந்த அரும்புப் பெண் எழுதியது இரண்டே வரி: “குரு விழுந்தா மொதல்ல குருவ தூக்கு. அப்பறம் மத்தது.” எழுத்துப் பிழையைத் திருத்தவில்லை, சிவப்பு மையை அன்று எடுக்கவே இல்லை. சீடனாக நடித்து ஒவ்வொரு பட்டியலையும் அதில் எழுதியிருக்கிறபடியே செய்து காட்டினேன். ‘தூக்கு’ என்று எழுதி யாரை என்று எழுதாதவன் தாளை வைத்துக்கொண்டு மேசையைத் தூக்கினேன். அவனே ஓடி வந்து தாளைப் பிடுங்கித் திருத்தினான்.

கடைசி அத்தியாயத்தை வாசிக்கவில்லை. மூலத்தில் ஆசனம் குளிர்ந்தால் சாவு வரும் என்ற சொல்லை நம்பி, குருவைச் சீடர்களே ஒரு வழியாக்கிவிடுகிறார்கள். அதுவும் ஒரு வகையில் சிரிப்புக் கதைதான், ஆனால் அதற்குச் சிரிக்க இன்னும் வயதாக வேண்டும். பட்டியலோடு நிறுத்திவிட்டு, மீதியை நீங்கள் சொல்லுங்கள் என்று விட்டேன். பெரும்பாலான கதைகளில் குரு வேறு குதிரை வாங்கினார், ஒன்றில் பைக் வாங்கினார்.

பலன் என்று கேட்டால், அரும்பில் இருந்த எல்லோரும் மலருக்குப் போய்விட்டார்கள் என்று எழுத முடியாது, போகவில்லை. அந்தப் பெண் தாளைக் கையில் வாங்குகிறாள், இருவராக வாசிக்கும்போது தலையை நிமிர்த்தி வாசிக்கிறாள். மலர்ப் பையனுக்கு வாசிப்பின் வேகம் குறைந்திருக்கிறது, அதை நான் நல்லது என்றே வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பார்த்துச் சிரிக்கும் கூட்டம் இன்னும் உண்டு. எல்லோர் முன்னாலும் ஏன் சிரித்தாய் என்று கேட்டால் அவர்கள் அடுத்த முறை சிரிப்பதையே விட்டுவிடுவார்கள். அதனால் சாப்பாட்டு வரிசையிலோ வீட்டுக்குப் போகும்போதோ, நேத்து அந்தக் கட்டைக் கதையை எனக்கு ஒருமுறை சொல்லேன் என்று தனியாகக் கேட்பேன். புரிந்திருந்தால் சொல்லும்போது அந்த இடத்தில் சிரிப்பு தானாக வரும்.

இப்போது கையில் இருக்கும் சிக்கல், இன்றைய இரண்டாம் வகுப்பு அடுத்த வருடம் இதே அறையில் மூன்றாம் வகுப்பு, எல்லா முடிச்சும் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெனாலிராமன் எடுக்கலாமே என்று சக ஆசிரியை சொன்னார். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் தெனாலிராமன் நம்மைவிடக் கெட்டிக்காரன், அவன் செய்வதை அவன் சொன்ன பிறகுதான் நாம் பிடிக்கிறோம், சிரிப்பு கதை முடிந்ததும் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது. பரமார்த்த குருவிடம் பிள்ளை எப்போதும் கதைக்கு ஓர் அடி முன்னால் நிற்கிறது, அந்த ஓர் அடி இருப்பதால்தான் யார் முன்னால் வந்துவிட்டார்கள், யார் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதனால் இன்னொரு முட்டாள் கூட்டத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், வசவுப் பெயர் இல்லாதவர்களாகக் கிடைத்தால் தேவலை.